அறுபத்து நாலு கிலோமீட்டர்

மாமாவின் டீசல் வேனில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினான். பழுது விழுந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். வேகம் 94. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. பிரேக் மிதிபட்டிருக்கிறது. ஓடிய தூரம் 2,18,470.

மீட்டரைப் பார்த்தான். வண்டி இதுவரை ஓடியதே 2,18,406தான்.

பழுதை அழித்தான். விளக்கு அணைந்தது. குறிப்பு மட்டும் அப்படியே நின்றது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வேலை தெரியுமா தெரியாதா?" என்றார் மாமா. போன வாரம் அவர் அடித்த அடியில் அவர் மனைவி, மெக்கானிக்கின் அக்கா, கை ஒடிந்து, கட்டோடு தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள்.

மெக்கானிக் ஸ்கேனர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

"சென்சார் கோளாறு மாமா. தாராளமா ஓட்டுங்க."

வேன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினான். நகக்கண்ணில் இருந்த கிரீஸைக்கூட விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, மனசு லேசாகி, அக்காவுக்கு போன் போட்டான். அவள் குரலுக்குப் பின்னால் எஞ்சின் இரைந்தது.

"அவரு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாருடா. நானும் வண்டியிலதான் போறேன்."

"மீட்டர்ல தூரம் எவ்வளவு காட்டுது?"

அக்கா நிதானமாகப் படித்தாள். கடைசியில் எழுபது என்றாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுக்கா."

"பிரேக்கத்தான் மிதிச்சுக்கிட்டே இருக்காருடா."