தூக்கிக்கொண்டு வந்தவள்

விமான நிலையத்துக்குப் போகும் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. துயென் குழந்தையைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

என் பெட்டிகளை ஓரமாக வைத்தாயிற்று. பால் டின்னும் பிளாஸ்க்கும் எங்கள் நாட்டுத் தூதரகம் கொடுத்த குழந்தையின் பாஸ்போர்ட்டும் தோள்பையில். கைகள் இரண்டையும் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

விமான நிலையம்வரை வர அவளுக்குப் பயம். கொரிய விசா முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் வேலை பார்க்கும் அன்சான் ஊர் பஸ் நிறுத்தத்தோடு சரி என்று பேசி வைத்திருந்தோம்.

அவள் புருஷன் வரவில்லை. வந்தால் கொடுக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வேலைக்குப் போய்விட்டான்.

விசா எனக்கும் கிடையாது. ஆனால் நானாகவே ஊருக்குப் போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படிப் போகிறவர்களைப் பிடிப்பதில்லை. கடற்பாசித் தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்யில்லை.

நான் கிளம்பும் சேதி பரவிய அன்றே துயென் என் அறைக் கதவைத் தட்டி, குழந்தையை ஊரில் தன் நாத்தனாரிடம் சேர்க்க முடியுமா என்று கேட்டாள்.

குழந்தையை மீத் என்று கூப்பிடுவார்கள். எங்கள் வியட்நாம் மொழியில் பலாப்பழம். பிறந்தபோது அத்தனை குண்டாக இருந்தானாம். இந்தக் குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் பாதியைத் தின்றுவிட்டது.

துயென் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு கொரியக் குடும்பம். அவர்கள் மகளை அழைத்துப் போகக் காலையில் பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தின் மஞ்சள் வேன் வரும். செலவு அரசாங்கத்துடையது. அது போகக் குழந்தைக்கென்று மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. தெருமுனைப் பழக்கடைக்காரி இதைச் சொன்னபோது துயென் நம்பவில்லை. பிறகு மெல்ல நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

மீத்தைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, வட்டார அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்தானே, இவனுக்கு இல்லாமலா போகும் என்று நினைத்திருக்கிறாள்.

அங்கே இருந்த பெண் நல்லவள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் பதிவு எண்ணைக் கேட்டாள். அவனுக்கு எண் இல்லை. தாய் தகப்பனுடையதைக் கேட்டாள். அதுவும் இல்லை.

அந்தப் பெண் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இங்க வரல, நான் உங்களப் பாக்கல. சீக்கிரம் கெளம்புங்க."

துயென் வீடுவரை ஓடியே வந்தாள்.

கையிலிருந்து கொடுத்துக் காப்பகத்தில் விடுவதென்றால் அவள் சம்பளம் மொத்தமும் போதாது. வேலையை விடவும் முடியாது. பகலில் பார்த்துக்கொண்ட கம்போடியப் பெண்ணை ஒரு சோதனையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு மீத், தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தான். அழும்போதெல்லாம் யாராவது இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடினோம். முதலாளி பார்த்துவிட்டார். பிறகு அதுவும் இல்லை.

பஸ் சிக்னலில் நிற்பது தெரிந்தது. குழந்தையை எழுப்பி முத்தம் கொடுக்கப் போனாள் துயென். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"எழுப்பாத. தூங்கும்போதே குடுத்துடு. முழிச்சிட்டா உன்னால குடுக்க முடியாது."

அவள் முகம் கடுத்தது.

"உங்களுக்கு என்னக்கா, வாய் கூசாம சொல்லிடுவீங்க. பெத்திருந்தாத்தானே தெரியும்."

பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பெட்டிகளை உள்ளே தள்ளினார்.

குழந்தையைக் கொடுத்தாள்.

அழவில்லை. காலியான கைகளை என்ன செய்வது என்று தெரியாதவள்போல் சட்டைப் பைக்குள் விட்டாள், எடுத்தாள். அவள் மேல்சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

படியில் கால் வைத்த நான் திரும்பி, முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து மாரில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முதலில் நெருப்பாக வலிக்கும், பிறகு பால் தானாக வற்றிவிடும் என்றேன்.

துயென் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

விமானத்தில் மீத் விழித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் மார்பில் முகத்தைப் புதைத்துத் தேடினான். புட்டிப்பாலைத் துப்பினான். அழுது அழுது ஓய்ந்து, கடைசியில் குடித்தான்.

ஹனோயில் இறங்கியபோது அவனை வாங்கிக்கொள்ள வேண்டிய துயெனின் நாத்தனார் இன்னும் வந்து சேரவில்லை. என் அக்கா வந்திருந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள்.

அன்சானில் பெற்று, கைக்குழந்தையாக, ஊருக்குப் போகிற ஒருத்தியிடம் நான் கொடுத்தனுப்பிய மகள். போனில் என் முகம் வந்தாலே ஓடி ஒளிந்துவிடுவாள் என்று அக்கா சொல்லுவாள். நினைத்ததைவிட உயரமாக இருந்தாள்.

போய்க் கட்டிக்கோ என்று அக்கா அவளை முன்னால் தள்ளினாள். அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள். என் தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அக்காவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, என்னையத் தூக்கிட்டு வந்த ஆன்ட்டியா இவங்க?"

அக்கா பதறிப்போய் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.