மலை என்று எழுதிய பைகள்

பன்னிரண்டு துணிப்பைகளும் மேசைமேல் கிடந்தன. பன்னிரண்டிலும் ‘மலை’ என்று என் கையெழுத்து.

ஆய்வுக்கூடத்து அம்மா கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

விரியன்களின் மரபணுவைப் பார்த்தார்களாம். பன்னிரண்டும் ஆற்றங்கரைப் பாம்புகள். மலையில் பிடித்தது ஒன்றுகூட இல்லை.

எனக்குப் புரிகிற மாதிரி முன்பே ஒருநாள் சொல்லியிருக்கிறார். விஷம் ஆதியில் விஷமில்லையாம். உடம்புக்குள் ஒழுங்காக வேலை பார்த்த சரக்குதானாம். அதற்கு ஒரு நகல் உண்டாகி, பழையது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நகல் தலைமுறை தலைமுறையாக மாறி விஷமாகிவிட்டது. பாம்பு எலியைத் தின்கிற இடத்தில் விஷம் ஒரு மாதிரி, பல்லியைத் தின்கிற இடத்தில் வேறு மாதிரி. ஆற்றங்கரை விஷத்தை வைத்துச் செய்த மருந்து, மலையில் கடிபட்டவனைக் காப்பாற்றாமல் போகலாம்.

மலைக்காரர்களுக்கான மருந்துக்குத்தான் இந்தப் பாம்புகள்.

“யார் வேலைண்ணே இது? யாரா இருந்தாலும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

பக்கத்தில் மச்சான் நின்றிருந்தான். என் மனைவியின் தம்பி. பிடித்து வருவது அவன். பையில் இடத்தை எழுதுவதும் கூண்டு கழுவுவதும் நான். என் முழங்கால் மலையெல்லாம் ஏறாது. ‘மலை’ என்று அவன் சொன்னான், எழுதினேன். அவன் செருப்பில் ஆற்று மணல் இருந்ததா என்று குனிந்து பார்க்கவா முடியும்?

அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். சும்மா இருக்கிற வாயில்லை அது. “பாம்பு கடிச்சா மருந்து இருக்கு மாமா, அக்கா கடிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று போன வாரம்கூட இதே இடத்தில் நின்று சிரித்தான்.

திறந்தான்.

“எனக்கு எழுத்தே தெரியாதும்மா. பையில என்ன போட்டாருன்னு மாமாவைத்தான் கேக்கணும்.”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் இருப்பவள் முகம் வந்து நின்றது. கூண்டுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

நாற்பத்தாறு வயதில், கூண்டுகளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்து, கரித்துண்டைக் கொடுத்து, என் விரலைப் பிடித்து எனக்கு ‘அ’ எழுதக் காட்டியவன் அவன்தான்.