சைகஸ் மேல் தூவிய பொடி

“விஷம்தான்! சந்தேகமே இல்ல. கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தோட்டத்தில் நின்று கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார். முக்கியமாக, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணனுக்கு.

பின்பக்கச் சுவரை ஒட்டி நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது அவருடைய சைகஸ். பார்க்கப் பனங்கன்று மாதிரி இருக்கும், பனை இல்லை. வருஷத்துக்கு ஒரு விரல்கடை வளர்ந்தாலே பெரிய விஷயம். அதன் நடுக்குருத்தில் இப்போது முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை, அதுதான் அதன் பூ. அந்த உருண்டை மேல் இன்று காலை யாரோ மஞ்சளாக ஒரு பொடியைத் தூவியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! மனைவியே மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

“உங்க அண்ணன்தாங்க. ஸ்டூல் மேல ஏறி நின்னு, சுவருக்கு இந்தப் பக்கமா ஒரு குச்சியை நீட்டி என்னமோ பண்ணிட்டிருந்தார்.”

“பண்ணுவான். வயித்தெரிச்சல்!”

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டைப் பிரித்தபோது வாய்த்தகராறு. ஒரு சொல் கூடிப்போயிற்று. அப்பா வைத்த இரண்டு சைகஸில் வாசலில் இருந்தது அண்ணனுக்கு, பின்பக்கம் இருந்தது தம்பிக்கு என்று ஆனது.

தம்பியுடையது பூக்கும்போதெல்லாம் செக்கச்செவேல் என்று கொட்டை பிடிக்கும். போட்ட கொட்டை முளைக்கும். அவரிடம் கன்று வாங்காத ஆள் தெருவில் இல்லை. அண்ணனுடையது சோளக்கதிர் மாதிரி ஒரு கொம்பை நீட்டும், காயும், சாய்ந்துவிடும். அவ்வளவுதான்.

தம்பி சும்மா விடுவாரா? கன்று வாங்க வருகிறவர்களிடம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுதான் பேசுவார்.

“செடிக்கு மனுஷன் மனசு தெரியும் சார். நல்லவன் கைபட்டாத்தான் காய்க்கும். அந்த வீட்டு வாசல்ல போய்ப் பாருங்க, வெறும் கொம்பு!”

ஒன்பது வருஷமாக இதே பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்ததில்லை.

இன்று சாட்சிக்கு ஒரு சிட்டிகைப் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப் புகாரும் எழுதியாயிற்று.

“கூடப் பிறந்தவருங்க. ஸ்டேஷன் படி ஏறிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது” என்றாள் மனைவி.

“ஒட்ட வேண்டாம்!”

கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ‘பிரேக், பிரேக்’ என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்தான். சொந்த விஷயத்தில் மட்டும் அந்தச் சமாசாரமே கிடையாது.

“சரி, போற வழியில செடி விக்கிற நர்சரி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. என்ன விஷம்னு எழுதினாத்தானே புகார் நிக்கும்?” என்றாள் மனைவி. அவள் கெட்டிக்காரி.

நர்சரி அம்மா காகிதத்தைப் பிரித்தார். முகர்ந்தார். விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“எங்க சார் கிடைச்சுது? அருமையான மகரந்தத் தூள்!”

“என்னது?”

“ஆண் சைகஸ் நீளமா ஒரு கொம்பு விடும் பாருங்க, அதுலேர்ந்து உதிர்ற தூள். உங்களுது பெண் செடி. இது மேல படலைன்னா கொட்டை பூரா சொத்தை. ஒண்ணுகூட முளைக்காது.”

“எங்க வீட்ல தானாவே முளைக்குதே...”

“நல்லா இருக்கு, தானா முளைக்குமாம்! யாரோ கொம்பைத் தட்டி, தூளைச் சலிச்சு, பிரஷ்ஷால பூசியிருக்காங்க. எவ்வளவு பொறுமை வேணும் தெரியுமா? இப்படி ஒரு மனுஷர் பக்கத்துல இருக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும் சார்.”

மாஸ்டருக்கு ஊர் முழுக்கக் கொடுத்த கன்றுகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது, காது வரைக்கும் சுட்டது. சட்டைப்பையில் இருந்த புகாரை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்துப்போட்டார்.

நேராகப் போய் அண்ணன் வீட்டு மணியை அழுத்தினார். பல்செட் செய்வது அண்ணனுக்குத் தொழில். பாதி முடிந்த மேல்வரிசைப் பற்களைக் கையில் பிடித்தபடியே வந்து கதவைத் திறந்தார்.

“அண்ணா... விஷம்னு நெனச்சுட்டேன்.”

“கத்தினது கேட்டுது.”

“சுவர்கிட்ட நின்னு இத்தனை வருஷமா நான் பேசினது...?”

“அதுவும்தான் கேட்டுது.”

“அப்புறமும் எதுக்குண்ணா இதைப் பண்ணினே?”

அண்ணன் கையிலிருந்த பற்களை வேட்டி நுனியால் துடைத்தார்.

“கன்னு குடுக்கறப்ப உன் குரல்ல ஒரு குஷி இருக்கும்டா. உன் குரலை நான் கேக்கறதே அப்பதான். அது நின்னுடக் கூடாதுன்னுதான்.”

தம்பிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “இன்னிக்கு எல்லாத்தையும் கழுவித் தொலைச்சுட்டேனே அண்ணா!”

“அழாதடா, உள்ள வா. ஃப்ரிட்ஜ்ல இன்னொரு பங்கு எடுத்து வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நான் பூசிட்டு இறங்கறதுக்குள்ள நீ செடிக்குத் தண்ணி விடறேன்னு பீய்ச்சிடறியே!”