சரளை ஓடுதளம்

இலத்தூரை அடுத்த தனியார் தோட்டத்தின் சரளை ஓடுதளத்தில், சின்ன விமானத்தின் மூக்குக்குக் கீழே காவலாளி பலவேசம் வாரியலால் கல்லைக் கூட்டித் தள்ளுகிறார். விமானி சத்யபிரியா குனிந்து சுழல்விசிறியின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறாள். வெட்டு எதுவும் இல்லை. உள்ளே மாரடைப்பு வந்த இசக்கியப்பன் படுத்திருக்கிறார். மதுரைக்குப் போயாக வேண்டும். குற்றால மலையை மூடிய மழைமேகம் இந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. பலவேசம் தூர விலகியதும் அவள் ஏறி எஞ்சினைக் கிளப்புகிறாள். "ஏம்மா, வேகமா எடுத்தா என்ன?" என்று பின்னாலிருந்து இசக்கியப்பனின் மனைவி முருகம்மாள் கத்துகிறாள். "நின்ன இடத்துல வேகம் கொடுத்தா விசிறி கல்லை இழுத்துக்கிடும்க்கா. அடிபட்டா ஒருத்தரும் போக முடியாது." விமானம் மெல்ல உருள்கிறது. உருண்ட பிறகே வேகக் கைப்பிடியை இம்மி இம்மியாக முன்னே தள்ளுகிறாள். விசிறி கல்லுக்கு எட்டாதபடி மூக்கைத் தூக்க, மறு கையால் ஸ்டியரிங்கை மார்போடு இழுத்துப் பிடிக்கிறாள். பாதித் தூரம் போய்விட்டது, வேகம் இன்னும் போதவில்லை. எதிரே வேலிக் கம்பங்கள் பெரிதாகின்றன. எங்கோ டக்கென்று ஒரு கல் தெறிக்கிறது. அவள் விசிறியின் ஓசையைக் கூர்ந்து கேட்கிறாள். பிசிறில்லாமல் சுற்றுகிறது, கல் சக்கரத்தில்தான் பட்டிருக்கிறது. கைப்பிடியைக் கடைசிவரை தள்ளுகிறாள். தடதடவென்ற குலுக்கம் சட்டென்று அடங்குகிறது. முருகம்மாள் பதறிப்போய் அவள் தோளைப் பற்றுகிறாள். "என்னம்மா, நின்னு போச்சா?" "இல்லக்கா, தரையை விட்டு ஏறிட்டோம். அண்ணாச்சி கையைப் பிடிச்சுக்கிடுங்க."