முதுகு வளையம்

கயிறு சுற்றும் விஞ்சின் கைப்பிடியை அண்ணன்காரன் சுற்றச் சுற்ற, எண்ணெய்த் தொட்டிக்குள்ளிருந்து தங்கை கணவன் மெல்ல மேலே வருகிறான். முகமெல்லாம் கசடு, பல் மட்டும் வெள்ளை. அப்போதுதான் அண்ணன்காரன் கண்ணில் படுகிறது: மார்புக் கயிறு அறுந்தால் தாங்கிப் பிடிக்க, அவன் முதுகுப் பட்டையின் வளையத்தில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டாவது கயிறு ஓரமாகத் தொங்குகிறது. காலையில் தரையிலிருந்து டீ ஏற்றிய தூக்கு, அதன் கொக்கியில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

"நீங்க மேல இருக்கீங்கங்கற தைரியத்துலதான் மச்சான் இவ்வளவு நேரம் தொங்கிட்டு வேலை பார்த்தேன்," என்றபடி ஏறி வந்தவன் முதுகைத் திருப்பி நிற்கிறான். "பின்னாடி கயித்தைக் கழட்டிவிடுங்க."

அண்ணன்காரன் ஒரு கையால் வெறும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டீத் தூக்கின் கொக்கியை டக்கென்று திறந்து மூடுகிறான்.

"ம், கழட்டியாச்சு."