நேரடி இணைப்பு

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, இந்த வாரம் கறுப்புக் குடை ஆயிரம் வரலேன்னா அவரையே விரிச்சு மழையில நிறுத்திடுவேன்னு."

இடது பக்கக் கதவைத் திறந்து இதைச் சொல்லிவிட்டுக் கணவர் போய்விட்டார். குடைக் கம்பெனியில் விற்பனை அவர் பொறுப்பு. நடு அறையில் இருந்த அவர் மனைவி, கம்பெனிக்கே அக்கா, எழுந்து வலது பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே உற்பத்தியைக் கவனிக்கும் அவருடைய அண்ணன்.

"அண்ணே, கறுப்பு அறுநூறு முடிஞ்சா நல்லா இருக்கும்னு கேக்கறாரு."

அந்த ஆளுக்குக் குடைக்கும் கைத்தடிக்கும் வித்தியாசம் தெரியுமா என்று அண்ணன் எரிந்து விழுந்தார். அக்கா இடது பக்கம் போய், "சரின்னுட்டாரு" என்றார்.

மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மென்பொருள்காரனுக்குத் தலை சுற்றியது. மச்சானும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசி ஆறேழு வருஷம் ஆகிறதாம். அவர் இவரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார், இவர் அவரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டால் இருவருக்குமே முகம் சிவந்துவிடும்.

இங்கேதான் அவன் தானியங்கி முறையைக் கொண்டுவர வேண்டும். விற்பனை அறையில் ஆர்டர் போட்டால் அது தானாகவே உற்பத்தி அறைக்குப் போய், அங்கே தலையாட்டியதும் துணி வெட்டும் மெஷின் ஓட வேண்டும். நடுவில் மனிதக் கை படக்கூடாது என்பது மொத்தமாக வாங்கும் பெரிய கடைக்காரர்களின் கண்டிப்பு. வெள்ளிக்கிழமை ஓடாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று அவனுடைய மேனேஜர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் சொதப்பியவன். வீட்டில் கைக்குழந்தை வேறு.

முதல் சோதனையே சந்தி சிரித்தது. வாயால் சொல்வதையெல்லாம் மாப்பிள்ளை குறிப்புக் கட்டத்தில் தட்டினார். கணினிக்கு இங்கிதம் ஏது? ஓர் எழுத்துக் குறையாமல் கொண்டுபோய் மச்சான் முன்னால் காட்டியது. மச்சான் பிளக்கைப் பிடுங்கினார்.

குறிப்புக் கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். மாப்பிள்ளை ஆயிரம் என்று போட்டார். மச்சான் 'முடியாது' என்ற பொத்தானை அழுத்தினார். அவர் மறுபடி போட்டார், இவர் மறுபடி அழுத்தினார். வெட்டும் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சாயங்காலம் வரை சும்மா நின்றது.

"என் புரோகிராம்ல தப்பே இல்லக்கா" என்று அவன் புலம்பினான். "மனுஷங்க எப்படிப் பேசிக்கறாங்களோ அப்படித்தான் மெஷினும் பேசும். இவங்க ராசியாயிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அது நடக்காது தம்பி. பேசாம நடுவுல எனக்கொரு ஸ்கிரீன் வச்சுக் குடுங்க. வர்றதை நான் பாத்து அனுப்பறேன்."

அதற்குப் பெயர் தானியங்கி இல்லை என்று அவன் விளக்கினான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், பாவம், இந்த அக்கா எத்தனை காலம்தான் தாங்குவார்?

வியாழக்கிழமை அக்கா பல் டாக்டரிடம் போயிருந்தார். அவன் துணிந்து, சேர்ந்து வந்தால்தான் கணினி ஓடும் என்று பொய் சொல்லி, இருவரையும் நடு அறைக்கு வரவழைத்து டீயை வைத்தான். பழைய கதையை யாரும் எடுக்கக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. உங்கள் இருவருக்கும் நடுவில் ஓடி ஓடி அக்கா தேய்ந்துபோகிறார் என்றான். இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

கடைசியில் மச்சான்தான் ஒரு டீ டம்ளரை எதிர்ப்பக்கம் நகர்த்தினார். "உங்களுக்குச் சர்க்கரை கம்மிதானே மாப்பிள்ளை?"

"இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மென்பொருள்காரனுக்கே கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எல்லா விளக்கும் பச்சை. இந்தப் பக்கம் ஆர்டர் போட்ட கையோடு அந்தப் பக்கம் சம்மதம் வந்தது, மெஷின் தடதடவென்று துணியை வெட்டித் தள்ளியது. மேனேஜரே போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

வீங்கிய கன்னத்தோடு அக்கா வந்தார். வலது பக்க அறையில் இரண்டு ஆண் குரல்கள் சிரிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சேந்துட்டாங்கக்கா" என்றான் அவன், பூரித்துப்போய். "இனிமே நீங்க நிம்மதியா உக்காரலாம்."

அக்கா உட்கார்ந்தார். "மெஷின்ல என்ன ஓடுது?"

"புது மாடல். ரெண்டு பேரும் சேந்தே யோசிச்சது. ஒரே குடைக்கு ரெண்டு கைப்பிடி, புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கு ஒண்ணு பிடிச்சுக்கலாம். கிடங்குல இருந்த துணி மொத்தத்தையும் போட்டாச்சு. நடுவுல ஒரு கை படலக்கா."

அக்கா கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"போன தடவை இவங்க ஒத்துமையா இருந்தப்போ மணி அடிக்கிற குடை போட்டாங்க தம்பி. கம்பெனி ஏலம் வரைக்கும் போயிடுச்சு. அப்புறம்தான் இவர் சொன்னாருன்னு அவர்கிட்டயும், அவர் சொன்னாருன்னு இவர்கிட்டயும், இல்லாததும் பொல்லாததும் சொல்லி, படாத பாடுபட்டு அந்தச் சண்டையை நான் மூட்டி விட்டேன். ஒரே டீயில கெடுத்துட்டீங்களே."