இருப்பதிலேயே மெதுவானது

"இருக்கறதுலயே மெதுவா ஓடற ஹார்ட் டிஸ்க் எதுவோ, அதைக் கொடுங்க."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, கேட்டவரைப் பார்த்தார். பிறகு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்பதுபோல், பக்கத்தில் நின்ற அவருடைய மனைவியைப் பார்த்தார்.

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மாமனாரின் பழைய லேப்டாப்பில் டிஸ்க் போய்விட்டது. மாற்ற வந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சு.

"சார், இப்பல்லாம் எஸ்.எஸ்.டி.தான். பட்டனைத் தொட்டதும் திறந்துடும்."

"தொட்டதும் திறக்க வேண்டாம். பழசு ஒண்ணு சுத்துமே, அது வேணும். கர்ர்னு சத்தம் கேக்கணும்."

"அது விலையும் ஜாஸ்தி சார். யாரும் கேக்கறதில்லை, தேடித்தான் எடுக்கணும்."

"தேடுங்க."

கஞ்சத்தனம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அதுவும் இல்லையென்றால், மனுஷனுக்கு மூளைதான் பிசகிவிட்டது.

கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, ஒயரில் மாட்டி ஓடவிட்டார். இவர் குனிந்து, தர்பூசணி வாங்குகிறவர்போல் காதை வைத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் முனகினா நல்லாயிருக்கும்."

அவள் போன் அடித்தது. மாமனார்.

"ஏம்மா, வாங்கியாச்சா? நல்ல வேகமானதாப் பாத்து வாங்கச் சொல்லு. குடியிருப்போர் சங்கத்துக் கூட்டக் குறிப்பெல்லாம் எழுதாம கிடக்கு. லேப்டாப் கோளாறுன்னு சொல்றதாலதான் எல்லாரும் பொறுத்துட்டிருக்காங்க. இல்லேன்னா எப்பவோ வேற செயலாளரைப் போட்டிருப்பாங்க."

"வேகமானதுதான் மாமா. வாங்கியாச்சு." கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்த கையோடு புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் செயலாளர் பதவி ஒண்ணுதான் அவரைத் தலைநிமிர்ந்து நடமாட வெச்சிட்டிருக்கு. அதுக்கும் உலை வைக்கணுமா? பெத்த அப்பா மேல அப்படி என்னங்க கோபம் உங்களுக்கு?"

கடைக்காரரும் 'அதானே' என்பதுபோல் கைகட்டி நின்றார்.

"கோபமா?" அவர் டிஸ்கைச் சட்டையில் துடைத்தார். "நேத்து நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அவசரத்துக்கு என் ஆபீஸ் லேப்டாப்பைக் கொடுத்தேன். புத்தம் புதுசு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள திறந்துடுச்சு."

"நல்லதுதானே?"

"அப்பா ஒரு வரி அடிச்சார். அடுத்த வரி என்னன்னு யோசிச்சார். அப்புறம் முதல் வரியையே திரும்ப அடிச்சார். இப்படியே பொழுது சாய்ஞ்சுடுச்சு."

கடைக்காரர் கட்டிய கையைப் பிரித்தார்.

"கடைசியில மூடி வெச்சிட்டு என்கிட்ட, 'இதுவும் மெதுவாதான்டா இருக்கு'ன்னார்."